அபராதம் அரசுக்கு, பயனருக்கு என்ன?

2024 மார்ச் 1ஆம் தேதி கூகுளின் ப்ளே ஸ்டோரிலிருந்து இந்தியச் செயலிகள் சில அடுத்தடுத்துக் காணாமல் போயின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத்மேட்ரிமோனி அவற்றில் ஒன்று. ஷாதி, நௌக்ரி, குக்கூ எஃப்எம் ஆகியவையும் போயின. மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருந்த பெற்றோருக்கோ, வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த இளைஞருக்கோ கூகுளோடு எந்த வழக்கும் இல்லை. செயலிக்குள் கட்டப்படும் சந்தாவில் கூகுளுக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் சண்டை. மத்தியத் தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் இரு தரப்பையும் அழைத்துப் பேசினார். மார்ச் 5ஆம் தேதி, நீக்கிய செயலிகளைத் திரும்பச் சேர்க்க கூகுள் சம்மதித்தது.

இந்தச் சம்பவத்தில் உற்றுப் பார்க்க வேண்டியது தேதியைத்தான். இதே கட்டணப் பிரச்சினையில், ப்ளே ஸ்டோர் தரும் ஆதிக்கத்தை கூகுள் தவறாகப் பயன்படுத்துகிறது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 25ஆம் தேதியே முடிவு சொல்லிவிட்டது. 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வேறு வழியில் பணம் பெறும் வசதியைச் செயலி நிறுவனங்களுக்குத் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. அந்த உத்தரவால் யார் பயனடைய வேண்டுமோ, அவர்களுடைய செயலிகள்தான் பதினாறு மாதம் கழித்துக் கடையிலிருந்து தூக்கப்பட்டன.

பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களை அரசு கட்டுப்படுத்தினால் நுகர்வோருக்கு நன்மை உண்டா? இந்தக் கேள்விக்கு ஆதரவும் எதிர்ப்புமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கொள்கையிலிருந்து தொடங்குகிறார்கள். அரசை நம்புகிறவர் உண்டு என்கிறார், சந்தையை நம்புகிறவர் இல்லை என்கிறார். ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் ஐரோப்பாவும் இந்தியாவும் போட்ட விதிகள் இப்போது கண்முன்னே இருக்கின்றன. எந்த விதி பயனரின் கைக்கு வந்து சேர்ந்தது, எது வழியிலேயே கரைந்துபோனது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க முடியும்.

பாரத்மேட்ரிமோனியை நடத்தும் மேட்ரிமோனி.காம் நிறுவனத்துக்கும் கூகுளுக்கும் இடையிலான வழக்கு பழையது. 2012இலேயே அந்த நிறுவனம் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தது. தேடல் முடிவுகளிலும் விளம்பரங்களிலும் கூகுள் பாரபட்சம் காட்டுகிறது என்பது குற்றச்சாட்டு. ஆணையம் உத்தரவு பிறப்பித்தபோது 2018 பிப்ரவரி ஆகிவிட்டது. 135.86 கோடி ரூபாய் அபராதம். புகார் கொடுத்தபோது இணையம் என்றால் பலருக்கு மேசைக் கணினி. உத்தரவு வந்தபோது அது கைபேசிக்குள் போய்விட்டது, கூகுளின் வலிமையும் தேடுபொறியிலிருந்து ஆண்ட்ராய்டுக்கும் ப்ளே ஸ்டோருக்கும் இடம் பெயர்ந்துவிட்டது. ஆறு ஆண்டுகளில் சந்தையே வேறாகிவிடும் துறையில், ஆறு ஆண்டு கழித்து வரும் தீர்ப்பு ஏற்கெனவே பழையதாகிவிட்ட ஒரு சந்தைக்கு எழுதப்பட்டதாகிவிடுகிறது.

கட்டண விவகாரத்துக்கு வருவோம். ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகு, வேறு கட்டண வழியையும் காட்டலாம் என்று கூகுள் அனுமதித்தது. ஆனால் அந்த வழியில் பணம் வந்தாலும் தன் பங்கு உண்டு என்றது. 15 விழுக்காடு வாங்கிய இடத்தில் 11, 30 வாங்கிய இடத்தில் 26. குறைத்தது நான்கே புள்ளி. மாற்று வழியில் பணம் பெறும் நிறுவனம் அந்தக் கட்டணச் சேவைக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டும் என்பதால், மிச்சம் பெரிதாக எதுவும் இல்லை. உத்தரவின் எழுத்து நிறைவேறியது. மாதச் சந்தா கட்டும் பயனருக்கு விலை இறங்க அதில் இடமே இருக்கவில்லை. நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. இது போட்டி ஆணையம் பார்க்க வேண்டிய விஷயம் என்று 2023 ஆகஸ்டில் மனுக்கள் தள்ளுபடியாயின. பிறகு 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த 936 கோடி அபராதத்தை 216.69 கோடியாகக் குறைத்தது.

அந்தப் பணமும் பயனருக்கு வருவதில்லை. போட்டிச் சட்டப்படி வசூலாகும் அபராதம் இந்தியத் தொகுப்பு நிதியில் சேர்கிறது. கூடுதலாகக் கட்டணம் கட்டியவர் யாரோ, அவருக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. செய்தித்தாளின் முதல் பக்கத்தில் கோடிகளில் ஓர் எண்ணைப் பார்த்ததும் நுகர்வோருக்கு நீதி கிடைத்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த எண்ணுக்கும் பயனருக்கும் தொடர்பு மிகக் குறைவு.

திரும்பிவந்த பணத்துக்கும் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், பிரைம் சந்தாவில் மக்களைத் தெரியாமல் சேர்த்துவிட்டு வெளியேறும் வழியை வேண்டுமென்றே சிக்கலாக்கியதாக அமேசான்மீது வழக்குப் போட்டது. 2025 செப்டம்பரில் சமரசம் ஏற்பட்டது. மொத்தம் 250 கோடி டாலர். அதில் 150 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்கே திருப்பித்தர ஒதுக்கப்பட்டது. சந்தாவை எளிதாக ரத்துசெய்யும் வழியை வைக்க வேண்டும் என்றும் முடிவானது. தலைக்கு அதிகபட்சம் 51 டாலர்தான். தொகை சிறியது. ஆனால் ஏமாந்தவர் யார் என்று அடையாளம் கண்டு, அவருக்கே பணத்தைக் கொடுக்க ஓர் ஒழுங்குமுறை அமைப்பால் முடியும் என்பதற்கு இது சாட்சி. இந்தியப் போட்டிச் சட்டம் இதை ஏன் பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

2022 அக்டோபரில் போட்டி ஆணையம் கூகுளுக்கு எதிராக இரண்டு உத்தரவுகள் போட்டது. முதலாவது அக்டோபர் 20ஆம் தேதி வந்தது. ஆண்ட்ராய்டு பற்றியது. அபராதம் 1,337.76 கோடி. அப்போது இந்தியாவில் விற்ற திறன்பேசிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஆண்ட்ராய்டில் இயங்கியவை. ஆகவே இது ஏறக்குறைய நாட்டில் கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரின் விவகாரம். ப்ளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் மற்றச் செயலிகளையும் சேர்த்தே கைபேசியில் வைக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியது தவறு என்றது ஆணையம். மொத்தம் பத்துக் கட்டளைகள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்தது. ஒரே வாரத்தில், தயாரிப்பாளர்கள் தனித்தனிச் செயலிகளுக்கு உரிமம் பெறலாம், பயனர்கள் எந்தத் தேடுபொறி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம் என்று கூகுள் அறிவித்தது. ஆண்டுக்கணக்கில் முடியாது என்று சொன்னது ஏழு நாளில் முடிந்தது.

ஆனால் 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பத்துக் கட்டளைகளில் நான்கை நீக்கிவிட்டது. முன்பே ஏற்றிவைத்த கூகுள் செயலிகளைப் பயனர் வேண்டாமென்றால் அழித்துவிடலாம் என்ற கட்டளை அந்த நான்கில் ஒன்று. வேறு செயலிக் கடைகளையும் ப்ளே ஸ்டோர் வழியாகவே பெறலாம் என்பது இன்னொன்று. குறைந்த நினைவகம் கொண்ட மலிவு விலைக் கைபேசி வாங்கியவர் தினமும் உணரக்கூடிய மாற்றம் எதுவோ, அது போயிற்று. அவர் கண்ணுக்கே தெரியாத அபராதம் நின்றது.

தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும் திரையும் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஐரோப்பாவில் அதற்குப் பதினைந்து ஆண்டு அனுபவம் உண்டு. விண்டோஸோடு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை ஒட்டித் தருவது பற்றிய வழக்கில், எந்த உலாவி வேண்டும் என்று பயனர்களைக் கேட்கும் திரையைக் காட்டுவதாக மைக்ரோசாஃப்ட் 2009இல் வாக்குக் கொடுத்தது. 2010 மார்ச்சில் அது வந்தது. 2011 மே முதல் 2012 ஜூலைவரை, விண்டோஸ் 7இன் ஒரு பதிப்பில் அந்தத் திரை வரவே இல்லை. ஒன்றரைக் கோடிப் பேருக்கு அது காட்டப்படவில்லை. பதினான்கு மாதம் ஒழுங்குமுறை அமைப்பு அதைக் கவனிக்கவில்லை. கடைசியில் 56.1 கோடி யூரோ அபராதம் விழுந்தது. அதற்கும் முன்னால், 2004ஆம் ஆண்டு உத்தரவின் விளைவாக, மீடியா ப்ளேயர் இல்லாத விண்டோஸ் ஒன்று அதே விலைக்கு விற்பனைக்கு வந்தது. அதே காசுக்கு ஒரு வசதி குறைவாக யார் வாங்குவார்கள்? ஏறக்குறைய ஒருவரும் வாங்கவில்லை.

இன்னொரு வகை விதி, முடிவெடுக்கும் சுமையைப் பயனரின் தலையிலேயே ஏற்றிவிடுகிறது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. நல்ல நோக்கம். நம்மைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தகவலைக் கேட்டுப் பெறவும், அழிக்கச் சொல்லவும் உரிமை தந்தது. தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஆனால் கோடிக்கணக்கான மக்களின் அன்றாடத்தில் தெரிவது, இணையதளத்தைத் திறந்ததும் குறுக்கே வந்து நிற்கும் சம்மதப் பலகைதான். படித்துப் பார்க்க நேரமில்லாதவர் சரி என்று அழுத்திவிட்டு நகர்கிறார். முன்பு கேட்காமல் எடுத்ததை இப்போது கேட்டுவிட்டு எடுக்கிறார்கள். இந்தச் சட்டம் வந்த காலத்தை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் நால்வர், ப்ளே ஸ்டோரில் இருந்த செயலிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளியேறியதையும், புதிதாக வரும் செயலிகள் பாதியாகக் குறைந்ததையும் கண்டார்கள். வெளியேறியவற்றில் தகவல் திருடும் குப்பைகளும் இருந்திருக்கும். ஆனால் வழக்கறிஞர் படையை வைத்துக்கொள்ள முடியாத சிறிய நிறுவனங்களைச் சட்டத்தின் செலவு பெரிய நிறுவனங்களைவிடக் கடுமையாக அழுத்தும் என்பதும் உண்மை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தை மையமாக வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பலகைகள் இனித் தமிழிலும் வரும் என்பதற்குமேல் பயனருக்கு என்ன மாறப்போகிறது என்பது விதிகளை அமல்படுத்தும் விதத்தைப் பொறுத்தது.

பயனரிடம் எதையும் கேட்காமலே அவருக்கு நன்மை செய்த விதிகளும் இருக்கின்றன. சார்ஜர் விதி அப்படிப்பட்டது. எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே சி வகைத் துளை வேண்டும் என்ற சட்டத்தை ஐரோப்பிய நாடாளுமன்றம் 2022 அக்டோபரில் நிறைவேற்றியது. காலக்கெடு 2024 டிசம்பர் இறுதி. புதுமைக்கு இது தடை என்று ஆப்பிள் வாதாடியது. பிறகு கெடுவுக்கு ஓராண்டுக்கும் முன்பே, 2023 செப்டம்பரில், ஐபோன் 15ஐ அந்தத் துளையோடு உலகம் முழுவதும் விற்றது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பூட்டப்பட்டு வெளிவந்த ஐபோன்களிலும் அதே துளைதான். பிரஸ்ஸல்ஸில் போட்ட சட்டத்தால் சென்னையில் ஒரு வீட்டில் சார்ஜர் வயர்களின் எண்ணிக்கை குறைந்தது. யாரும் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

இந்தியாவின் மிகப் பெரிய எடுத்துக்காட்டு யுபிஐ. அதைப் பலரும் தொழில்நுட்பச் சாதனையாக மட்டும் பேசுகிறார்கள். அது ஓர் ஒழுங்குமுறை முடிவும்கூட. அதற்கு முன்னால் இருந்த மின்பணப்பைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் பையில் போட்ட பணத்தை இன்னொரு நிறுவனத்தின் பைக்கு அனுப்ப முடியாது. நண்பர் எதில் இருக்கிறாரோ அதில் நாமும் சேர வேண்டும். 2016 ஏப்ரலில் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் யுபிஐயைக் கொண்டுவந்தபோது, எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் எந்த வங்கிக் கணக்குக்கும், எந்தச் செயலி வழியாகவும் பணம் போகலாம் என்பதே அதன் அடிப்படை. 2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி இன்னொரு படி போனது. ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யும் கியூஆர் அட்டைகளை இனிப் புதிதாக வெளியிடக் கூடாது, பழையவற்றை 2022 மார்ச்சுக்குள் பொதுவானவையாக மாற்ற வேண்டும் என்றது. டீக்கடையில் ஒட்டியிருப்பது பேடிஎம் அட்டை, குடித்தவர் கையில் இருப்பது போன்பே, பணம் போய்ச் சேருவது கூட்டுறவு வங்கிக் கணக்கு. இது இன்று யாருக்கும் வியப்பாக இல்லை. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளை யுபிஐ தாண்டியது.

யுபிஐயில் குறை இல்லாமல் இல்லை. போன்பேயும் கூகுள் பேயும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை வைத்திருக்கின்றன. எந்தச் செயலியும் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2020இல் போட்ட விதி, தள்ளித் தள்ளி 2026 டிசம்பருக்குப் போய்விட்டது. கட்டணமில்லாச் சேவையின் செலவில் ஒரு பகுதியை அரசு ஊக்கத்தொகையாகக் கொடுக்கிறது. அது வரிப்பணம். இத்தனைக்கும் நடுவில் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. இரண்டு நிறுவனங்கள் சந்தையைப் பிடித்துவைத்திருந்தாலும் பயனரை அவற்றால் பிடித்துவைக்க முடியாது. நாளைக் காலையில் போன்பே பிடிக்கவில்லையென்றால் வேறொரு செயலியை இறக்கிக்கொள்ளலாம். கணக்கு அதேதான், நண்பர்கள் அதே நண்பர்கள், டீக்கடை அட்டையும் அதுவே. சந்தைப் பங்கை மட்டும் வைத்து ஆதிக்கத்தை அளப்பது நுகர்வோரின் கோணத்தில் போதாது. விலகிப் போக எவ்வளவு செலவாகும் என்பதே அவருக்கு முக்கியம்.

தொலைத்தொடர்பில் இது முன்பே தெரிந்துவிட்டது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20ஆம் தேதி நாடு முழுவதும் வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது, பல ஆண்டாகப் பயன்படுத்திய எண்ணோடு மக்களால் இடம் மாற முடிந்தது அந்த விதியால்தான். ஜியோவின் அழைப்புகளுக்குப் போதிய இணைப்பு கொடுக்க மறுத்ததாக ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றின் மீதும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் போட தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. பழைய நிறுவனம் புதியவருக்குக் கதவைத் திறக்காது, யாராவது திறக்க வைக்க வேண்டும். அதே கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. பிறகு நடந்த விலைப்போரில் பல நிறுவனங்கள் காணாமல் போய், தனியார் மூவரும் பிஎஸ்என்எல்லும் மட்டுமே மிஞ்சின. விலகிப் போகும் உரிமை இருக்கிறது. போக இடங்கள்தான் குறைந்துவிட்டன.

குறுஞ்செய்திச் செயலிகளில் அந்த உரிமையே இல்லை. 2025 செப்டம்பர் இறுதியில் ஜோஹோவின் அரட்டை செயலி திடீரென்று பிரபலமானது. மூன்றே நாளில் தினசரிப் பதிவுகள் 3,000இலிருந்து 3,50,000ஆக உயர்ந்தன என்று ஜோஹோ நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சொன்னார். சுதேசி உணர்வும் அமைச்சர்களின் பாராட்டும் ஆர்வத்தைக் கிளப்பின. ஆனால் தரவிறக்கிய பலர் சந்தித்த சிக்கல் எளிமையானது. உள்ளே போய் யாரிடம் பேசுவது? மாமா, அத்தை, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழு, அடுக்குமாடிச் சங்கம் எல்லோரும் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். யுபிஐபோல, மின்னஞ்சல்போல, செய்திச் செயலிகளும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று வேம்புவே அப்போது எழுதினார். தன் செயலிக்கு வழி கேட்கும் தொழிலதிபரின் குரல் அது என்று ஒதுக்கிவிடலாம். ஆனாலும் அவர் சொன்ன காரணம் சரியானது. செயலி எவ்வளவு நன்றாக இருந்தாலும், உறவினர் பட்டியலோடு வெளியேற முடியாத இடத்தில் தரம் போட்டியிடுவதில்லை.

இப்படி எல்லாவற்றையும் திறந்துவிடு என்று சொல்வதிலும் சேதம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் 2024 மார்ச் 7ஆம் தேதி பெரிய நிறுவனங்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. தன் சேவையைத் தானே முன்னிறுத்தக் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. அதற்குப் பிறகு ஐரோப்பாவில் கூகுளில் ஓர் ஊரின் பெயரைத் தேடினால் வரும் சிறு வரைபடத்தை அழுத்தி, நேராக கூகுள் வரைபடத்துக்குப் போக முடியாமல் ஆயிற்று. மக்கள் தினமும் பயன்படுத்திய வசதி அது. ஆப்பிள் சில புதிய வசதிகளை ஐரோப்பியப் பயனர்களுக்குத் தராமல் நிறுத்திவைத்தது. மெட்டாவின் த்ரெட்ஸ் அங்கே ஐந்து மாதம் தாமதமாகப் போனது. இவற்றில் சில சட்டத்தின் உண்மையான விளைவுகள், சில நிறுவனங்கள் மக்களை அரசுக்கு எதிராகத் திருப்பச் செய்த காரியங்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

கனடாவில் நடந்தது இன்னும் வலிக்கிறது. செய்தி நிறுவனங்களுக்குத் தொழில்நுட்ப நிறுவனங்கள் பணம் கொடுக்க வேண்டும் என்று அந்நாடு சட்டம் போட்டது. மெட்டா பணம் கொடுப்பதற்குப் பதிலாக, 2023 ஆகஸ்ட் முதல் பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்திகளையே தடுத்துவிட்டது. அதே மாதம் யெல்லோநைஃப் நகரைக் காட்டுத்தீ நெருங்கியது, ஊர் மக்கள் ஏறத்தாழ 20,000 பேர் வெளியேற வேண்டியிருந்தது. எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று செய்தி நிறுவனங்கள் வெளியிட்ட செய்தியின் இணைப்பைக்கூட பேஸ்புக்கில் ஒருவருக்கொருவர் பகிர முடியவில்லை. சட்டம் பயனரின் பெயரைச் சொல்லவில்லை, பத்திரிகை முதலாளிகளின் வருமானத்தைக் காக்கவே வந்தது. சண்டை இரண்டு தொழில்களுக்கு இடையில் நடந்தது. நடுவில் மாட்டியவர்கள் ஊரைவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இந்தியாவும் ஐரோப்பாவின் வழியில் ஒரு சட்டத்தை எழுதிப்பார்த்தது. டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வெளியானது. தவறு நடந்தபின் ஆண்டுக்கணக்கில் விசாரிப்பதற்குப் பதிலாக, பெரிய நிறுவனங்கள் எதைச் செய்யக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது அதன் நோக்கம். இந்தியாவில் 4,000 கோடி ரூபாய் விற்றுமுதலும் ஒரு கோடிப் பயனர்களும் இருந்தால் ஒரு நிறுவனம் வலைக்குள் வரலாம். இந்த வரம்பில் உள்நாட்டு நிறுவனங்களும் சிக்கும் என்ற எதிர்ப்பு எழுந்தது. மசோதா இன்னும் சட்டமாகவில்லை. 2012இல் கொடுத்த புகாருக்கு 2018இல் விடை கிடைத்த நாட்டில், முன்கூட்டிய விதிகள் தேவையில்லை என்று வாதிடுவது கடினம். ஆனால் அந்த விதிகளில் எது பயனரின் வெளியேறும் செலவைக் குறைக்கிறது, எது ஒரு நிறுவனத்தின் லாபத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிவிடுவதோடு நிற்கிறது என்று ஒவ்வொரு பிரிவையும் கேட்டாக வேண்டும். மேல்முறையீட்டில் அபராதம் நின்று, செயலியை அழிக்கும் உரிமை போனதைப் போன்ற விபத்தை அந்தக் கேள்வி தடுக்கும்.

செய்திச் செயலிகளை ஒன்றோடொன்று பேசவைப்பது எப்படி என்பதற்கு இனி யோசனைகூடத் தேவையில்லை. வேறு செயலியிலிருந்து வரும் செய்தியை வாங்கினால் மறைகுறியாக்கம் உடையும், பாதுகாப்புக் கெடும் என்பது இத்துறையில் நெடுநாளாகச் சொல்லப்பட்டுவந்த வாதம். ஐரோப்பியச் சட்டத்தின் கட்டாயத்தால் 2025 நவம்பரில், பேர்டிசாட், ஹைகெட் என்ற இரண்டு சிறிய செயலிகளோடு, மறைகுறியாக்கம் கெடாமலே, வாட்ஸ்அப் அங்கே பேசத் தொடங்கியது. விரும்பியவர் மட்டும் இந்த வசதியை இயக்கிக்கொள்ளலாம். இந்தியாவில் 50 கோடிக்கு மேற்பட்டவர்கள் பயன்படுத்துவதும் அதே வாட்ஸ்அப்தான். அவர்களுடைய அமைப்புகள் பக்கத்தில் அந்தப் பொத்தான் இல்லை, அதை வைக்கச் சொல்லும் சட்டமும் இந்தியாவில் இல்லை.